மைஸ்டரின் மூக்கும் மகேந்திரன் அண்ணையின் ஃபொரெஸ்டரும்

பழைய சுபாரு கார் வைத்திருப்பவர்களுக்கென்று கைபேசியில் ஒரு குழு இருக்கிறது. நான் அதில் சேரவில்லை, சேர்க்கப்பட்டேன். ஜெர்மனியில், எசனில், ஓய்வு பெற்ற மெக்கானிக் ஒருவன் சும்மா இருக்கிறான் என்று எவனோ சொல்லிக் கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து காலை ஆறு மணிக்கே கைபேசி கிணுகிணுக்கத் தொடங்கிவிடும். போன மாதம் ஆஹெனில் எஞ்சினியரிங் படிக்கும் மதுரைக்காரர் ஒருவர் எழுதியிருந்தார்: "அங்கிள், ஹீட்டர் போட்டா ஸ்வீட்டா ஒரு ஸ்மெல் வருது. ஹெட் காஸ்கெட் போயிடுச்சா?" நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போடுவதற்குள் பதினேழு பேர் பதில் எழுதிவிட்டார்கள். பதினேழு பேரும் எஞ்சினை இறக்கச் சொன்னார்கள்.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். கடைசியாக அந்தக் காரில் என்ன சாப்பாடு ஏற்றினீர்கள் என்று. உடனே சிரிக்கும் முகங்களாகப் போட்டுத் தள்ளினார்கள். கிழவன் பகிடி விடுகிறான் என்று நினைத்துவிட்டார்கள். பகிடி இல்லை. இந்தக் கேள்வியை நேரத்துக்குக் கேட்காததால் ஒரு கராஜே மூடப் பார்த்தது. ஒரு நல்ல மனிதர் தன் மூக்கின் மேலேயே நம்பிக்கை இழந்தார். அதற்கு நானும் உடந்தை. நடந்ததை முழுதாக எழுதி வைத்தால்தான் என் கேள்வியின் அருமை இவர்களுக்கு விளங்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்ததையும், அகதி முகாமில் இருந்ததையும், பீட்சாக் கடையில் கோப்பை கழுவியதையும் இங்கே விரிக்கப் போவதில்லை. என் வயதுக்காரர் எல்லாருக்கும் அதே கதைதான், கோப்பைகளின் எண்ணிக்கை மட்டும் வேறு. பிறகு எசனில் ஒரு கராஜில் கூட்டித் துடைக்கப் போனேன். கூட்டிக்கொண்டிருந்தவனை மூன்று வருட அவுஸ்பில்டுங்கில், தொழிற்பயிற்சியில், சேர்த்து, வாயில் தமிழ் வந்தால் உடனே திருத்தி, ஜெர்மன் மொழியில் பரீட்சை எழுத வைத்து, மெக்கானிக் ஆக்கியவர் ஹெர் ப்ரொக்மான். அவரை எல்லாரும் மைஸ்டர் என்றுதான் அழைப்பார்கள். பெரிய பரீட்சை பாஸ் பண்ணி, கராஜ் நடத்தும் உரிமை பெற்றவருக்கு இங்கே அதுதான் பட்டம். சிவகடாட்சம் என்ற என் பெயரை ஒரு தரம் சொல்லிப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், அன்றிலிருந்து நான் ஷிவா.

கராஜில் நாங்கள் இரண்டு பேர்தான். பழைய சுபாருக்களை மட்டுமே தொடுவோம். வேறு கார் கொண்டுவந்தால் மைஸ்டர் பக்கத்துத் தெருவைக் கையால் காட்டுவார். இந்தக் கார்களின் எஞ்சின் மற்றவைபோல் நிமிர்ந்து நிற்காது, பொனற்றுக்குக் கீழே படுத்துக் கிடக்கும். ஸ்பார்க் பிளக் மாற்றுவதென்றால் சுவருக்கும் அலுமாரிக்கும் நடுவில் விழுந்த சீப்பை எடுப்பதுபோல் கையை நுழைக்க வேண்டும். என் இடது கைத் தோல் பாதி அந்த எஞ்சின்களில்தான் போனது. ஆனாலும் சொல்கிறேன், அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. சாவியைத் திருப்பியதும் அந்த எஞ்சின் தொண்டையைச் செருமும் சத்தத்தைக் கேட்டால் இன்றைக்கும் தெருவில் நின்றுவிடுவேன்.

வந்த வாடிக்கையாளர்களும் ஒரு தினுசானவர்கள். தேவாலயத்தில் ஓர்கன் வாசித்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர், எஞ்சின் போன வாரத்தைவிட அரைச் சுருதி இறங்கிப் பாடுகிறது என்று முறையிட வருவார். மைஸ்டர் சிரிக்க மாட்டார். திறந்து பார்ப்பார், ஏதோ ஒன்று உண்மையிலேயே தளர்ந்திருக்கும். இன்னொருவர் தன் கார் தனியாக நிற்கிறதே என்று கவலைப்பட்டு, அதே நிறத்தில் அதே மாதிரி இன்னொன்று வாங்கிப் பக்கத்தில் நிறுத்தினார். பிறகு இரண்டுக்கும் சேர்த்துத் துருப் பிடித்தது.

மைஸ்டரிடம் இரண்டு சட்டங்கள் உண்டு. கழற்றிய பழைய பாகத்தை வாடிக்கையாளரின் முன்னால் மேசையில் வைக்க வேண்டும். பாகம் மேசைக்கு வராமல் குறை தீர்ந்தது என்று சொல்லக் கூடாது. இரண்டாவது, குறையைத் தானே மறுபடி கண்டால்தான் நம்புவார். வாடிக்கையாளர் சொன்னார் என்பதற்காக ஒரு ஆணியும் கழற்ற மாட்டார். மணிக்கணக்காக அந்தக் காரை ஓட்டிக்கொண்டு திரிவார், சத்தம் வரும்வரை.

இந்த இரண்டுக்கும் மேலாக அவரிடம் ஒரு மூக்கு இருந்தது. கருகிய கிளச், கசியும் எண்ணெய், சூடான பிரேக் எல்லாவற்றையும் கார் வாசலுக்கு வரும்போதே சொல்லிவிடுவார். எண்ணெய் கியர்பொக்ஸ் உடையதா எஞ்சின் உடையதா என்றும் சொல்வார். அந்த மூக்குக்காகப் பத்து மணிக்கு முன் கராஜுக்குள் கோப்பி குடிக்கக் கூடாது. என் மனைவி கட்டித்தரும் மீன் குழம்பை நான் முற்றத்தில், கதவைச் சாத்திவிட்டு, மழைக்குக் குடை பிடித்தபடி சாப்பிட்டேன். உள்ளே வந்ததும் "இன்றைக்குப் புளி கூட" என்பார். அவர் வாழ்க்கையில் புளியைக் கண்ணால் கண்டதில்லை.

இனி மகேந்திரன் அண்ணையிடம் வருகிறேன். எங்கள் முருகன் கோயிலின் செயலாளர். டுசல்டோர்ஃபில் தபால் வேலை, எசனில் வீடு, இரண்டு ஊரிலும் நிறையப் பேச்சு. அவருக்குப் பழைய சுபாரு ஃபொரெஸ்டர் ஒன்றைப் பார்த்துக் கொடுத்தது நான்தான். காரின் முன்னாலிருந்த சின்னத்தில் ஆறு நட்சத்திரங்களைக் கண்டதும் மனிதர் உருகிப் போனார். சுபாரு என்றால் ஜப்பானியருக்குக் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் என்று நான் ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், முருகனை வளர்த்த கார்த்திகைப் பெண்களே தன் காரில் வந்து உட்கார்ந்துவிட்டதாக ஊரெல்லாம் சொன்னார். பூசை போட்டபோது ஐயர் முன் சில்லு இரண்டுக்கும் அடியில் எலுமிச்சை, எங்கள் பேச்சில் தேசிக்காய், வைத்தார். அண்ணை விடவில்லை. இது நாலு சில்லும் இழுக்கிற கார், நாலு தேசிக்காய் வேண்டும் என்று நின்றார். காரைப்பற்றி அவர் சரியாகச் சொன்ன ஒரே விடயம் அதுதான்.

அடுத்த கார்த்திகை மாதம், குளிர் தொடங்கி ஹீட்டர் போடும் காலத்தில், அண்ணை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கராஜுக்கு வந்தார். ஹீட்டர் போட்டால் உள்ளே இனிப்பு மணம் வருகிறதாம். பழைய கார் திருத்துபவர்களுக்கு இது கேட்கவே பிடிக்காத செய்தி. எஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணீரில் கலக்கும் மருந்து இனிப்பாக மணக்கும். அது மணந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம், எங்கே என்று கண்டுபிடிப்பதற்குள் மனிதனுக்கு வயது போய்விடும்.

மைஸ்டர் காருக்குள் தலையை விட்டு, கண்ணை மூடி, மூன்று தரம் இழுத்தார். இனிப்பு என்றார். தண்ணீர் ஓடும் பாதைக்குக் காற்றடித்து அமுக்கிப் பார்த்தோம், கசியவில்லை. எஞ்சின் புகை தண்ணீரில் கலக்கிறதா என்று பார்க்க நீல மருந்து ஊற்றினோம். கலந்தால் மஞ்சளாகும். அது நீலமாகவே நின்றது. கருவிகள் எல்லாம் இல்லை என்கின்றன, மூக்கு மட்டும் இருக்கிறது என்கிறது. மைஸ்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு மூக்கின் பக்கம் நின்றார்.

எஞ்சினை இறக்கினோம். தண்ணீர் கசியாமல் அடைக்கும் காஸ்கெட் இரண்டும் மாற்றினோம், பழையவற்றை மேசையில் வைத்தோம். அவற்றில் ஒரு பழுதும் இல்லை. ஏற்றி ஓட்டினால் மணம் அப்படியே இருந்தது. அடுத்து டாஷ்போர்டைக் கழற்றி ஹீட்டரின் சின்ன ரேடியேற்றரை மாற்றினோம். அதுவும் மேசைக்கு வந்தது, அதுவும் நல்ல பிள்ளையாக இருந்தது. மேசையில் இடம் போதாமல் போனது. அண்ணையிடம் ஒரு சதமும் வாங்க மாட்டேன், குறை கிடைக்கவில்லையே என்றார் மைஸ்டர். அண்ணையோ நாங்கள் எதைக் கழற்றினாலும் "ஓம் ஓம், கழட்டுங்கோ" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். இவ்வளவு பொறுமையான வாடிக்கையாளரை நான் கண்டதில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மூன்றாவது வாரம் மைஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முற்றத்தில், நான் மீன் குழம்பு சாப்பிடும் இடத்தில் வைத்துத் தாழ்ந்த குரலில் சொன்னார். "ஷிவா, அது வெறும் இனிப்பு இல்லை. ஏதோ வறுத்த மணம் வருகிறது. பிறகு வெயிலுக்குப் பூசும் கிரீம் மணம் வருகிறது. இந்தக் குளிரில், எசனில், எனக்குக் கடற்கரைக் கிரீம் மணக்கிறது." அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் கண்டதில்லை. வயதாகிவிட்டது, மூக்கு கழன்றுவிட்டது என்று நினைக்கத் தொடங்கிவிட்டார்.

அடுத்த நாள் அவர் வெளியே போயிருந்த நேரத்தில் நான் காருக்குள் குனிந்து, பின்னால் உட்காருபவரின் காலுக்குச் சூடு கொண்டுபோகும் குழாயின் வாய்க்குள் விரலை விட்டேன். முன் ஆசனத்துக்கு அடியில் இருக்கிறது அது. விரலில் ஏதோ தட்டுப்பட்டது. நெம்பி எடுத்தேன். பாதிக் கஜு. நெய்யில் பொரித்த, பொன்னிறமான, எங்கள் ஆட்கள் பாயாசத்தில் போடும் பாதி முந்திரி. மறுபடி விட்டேன், நாலைந்து சவ்வரிசி காய்ந்துபோய் வந்தது.

அண்ணைக்கு உடனே போன் பண்ணினேன். தபால் சட்டையோடேயே வந்து நின்றார். கஜுவை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். மனிதர் அதை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு என் கையிலிருந்து எடுத்து வாயில் போட்டு, மென்று, விழுங்கிவிட்டார். ஆனி மாதத்துக் கஜு. நடந்தது கார்த்திகையில்.

"என்ன அண்ணை செய்யிறியள்?" என்றேன்.

"சாட்சி இல்லை இப்ப" என்றார்.

பிறகு பின் ஆசனத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். ஆனியில் நடந்த தேர்த் திருவிழா அன்று புஷ்பா அக்கா வீட்டிலிருந்து பாயாச அண்டாவைக் கோயிலுக்கு ஏற்றி வந்திருக்கிறார். புஷ்பா அக்காதான் கோயில் மடைப்பள்ளிக்குத் தலைவி. முருகனுக்கு அடுத்தபடியாக அல்ல, அண்ணையைப் பொறுத்தவரை முருகனுக்கு முன்னதாகப் பயப்பட வேண்டியவர். வழியில் வேகம் பிடிக்கும் கமராவைக் கண்டு பிரேக்கில் ஏறி நின்றிருக்கிறார். கமரா படம் எடுத்தது, பாயாசம் பாதி கவிழ்ந்தது. அண்ணை பெற்றோல் அடிக்கும் செட்டில் நிறுத்தி, அங்கே கடையிலிருந்த பால் பெட்டிகள் எல்லாவற்றையும் வாங்கி, கோப்பிக்கு வைத்திருந்த சீனிப் பொட்டலங்களை அள்ளி, அண்டாவை நிரப்பிவிட்டார்.

எதால் கலக்கினீர்கள் என்று கேட்டேன். "அதை மட்டும் கேளாதை" என்றார்.

கோயிலில் எல்லாரும் இந்த முறை பாயாசம் நல்ல லைட்டாக இருக்கிறது, திகட்டவில்லை என்று இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக் குடித்தார்களாம். புஷ்பா அக்காவின் கையைப் பிடித்துப் பாராட்டினார்களாம். இனி எப்படி வாயைத் திறப்பது? காரணத்தைச் சொல்லாமலே நாங்கள் எப்படியாவது மணத்தைப் போக்கிவிடுவோம் என்று நம்பித்தான் காரைக் கொண்டுவந்தாராம். அடுத்த நிர்வாக சபைத் தெரிவு வேறு வருகிறது, செயலாளர் பதவிக்கு வாக்கு வேண்டும். என் தலையில் கை வைத்து, முருகன் மேல் ஆணையாக ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினார். நானும் ஒரு மடையன், கொடுத்துவிட்டேன்.

அன்று முழுக்க இருந்து குழாயையும் விரிப்பையும் அதற்குக் கீழிருந்த பஞ்சையும் சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவினேன். மணம் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு போய்விட்டது. மிச்சப் பத்துப் பங்கை மணக்க உலகத்தில் ஒரு மூக்கால்தான் முடியும், அந்த மூக்கு அடுத்த நாள் காலை காருக்குள் வந்தது.

மைஸ்டர் நெடுநேரம் இழுத்தார். "குறைந்திருக்கிறது. ஆனால் இருக்கிறது. உனக்கு?"

எனக்கும் மணந்தது. நன்றாகவே மணந்தது. "எனக்கு ஒன்றும் மணக்கவில்லை, மைஸ்டர்" என்றேன்.

என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் அதுதான் மோசமானது. அவர் காரை விட்டு இறங்கி, கதவை மெதுவாகச் சாத்தி, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே போய்விட்டார். காது மூக்கு வைத்தியரிடம் டேர்மின், அதாவது பார்க்கும் நாள், கேட்டிருக்கிறார், நாலு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை அவர் காத்திருக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை, நத்தார் என்கிற கிறிஸ்துமஸோடு கராஜை மூடிவிடப் போகிறேன் என்று அறிவித்தார். இல்லாத மணத்தை மணக்கிறவன் நாளைக்கு இருக்கிற மணத்தைத் தவறவிடுவான், பிரேக் கருகுவது தெரியாமல் ஒரு குடும்பத்தைத் தெருவுக்கு அனுப்புவான், அந்தப் பாவம் தனக்கு வேண்டாம் என்றார்.

அன்றைக்கு எனக்கு ஐம்பத்து மூன்று வயது. இருபத்தைந்து வருடமாகப் படுத்துக் கிடக்கும் எஞ்சின்களை மட்டுமே தொட்ட கை. இதை யார் வேலைக்கு எடுப்பார்கள் என்ற பயம் எனக்கு இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் அதைவிட, பத்து மணிக்கு முன்னாலேயே மைஸ்டர் கராஜுக்குள் கோப்பி குடிக்கத் தொடங்கியதைப் பார்த்ததுதான் தாங்க முடியவில்லை. இனி என்ன என்கிற மாதிரிக் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணை வீட்டுக்குப் போனேன். சத்தியத்தை நான் முறிக்கவில்லை, அவரே வந்து முறிக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் தெரிவைச் சொன்னார், புஷ்பா அக்காவைச் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அண்ணை, உங்களுக்கு ஒரு பதவி. அந்த மனிசனுக்கு மூக்குத்தான் எல்லாம்" என்றேன். அண்ணை  கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். "அந்தாளுக்குத் தமிழ் தெரியாது, எங்கடை ஆக்களுக்கும் அவரைத் தெரியாது. கதை வெளியிலை போகாதுதானே?" என்று கேட்டுவிட்டு, காலமை வாறன் என்றார்.

திங்கள் காலை இரண்டு பேரும் மைஸ்டரின் முன்னால் நின்றோம். அண்ணை தபால்காரரின் ஜெர்மன் மொழியில், முகவரி வாசிப்பதுபோல் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அண்டா, கமரா, பால், சீனி. நானும் பொய் சொன்னேன், எனக்கும் மணந்தது என்று சொன்னேன். மைஸ்டர் முழுவதையும் கேட்டுவிட்டு மேசையைக் காட்டினார்.

"பாகம் எங்கே?"

அண்ணை என்னைப் பார்த்தார். நான் அண்ணையின் வயிற்றைப் பார்த்தேன்.

"சாப்பிட்டுவிட்டார்" என்றேன்.

மைஸ்டர் எங்கள் இருவர் தோளிலும் கை வைத்தார். கண் கலங்கியிருந்தது. ஒரு கிழவனைத் தேற்றுவதற்கு இவ்வளவு பெரிய கதையைக் கட்டியிருக்கிறீர்கள், நன்றி, நல்ல மனிதர்கள் நீங்கள் என்றார். ஒரு சொல்லும் நம்பவில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனி மாதம் கவிழ்ந்த முந்திரியைக் கார்த்திகையில் ஒருவர் தின்றார் என்று என்னிடம் யாராவது வந்து சொன்னால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

அப்போதுதான் எனக்கு அவருடைய சட்டமே கைகொடுத்தது. குறையை மறுபடி கண்டால் நம்புவீர்கள்தானே என்று கேட்டேன். சனிக்கிழமை மதியப் பூசைக்கு எங்கள் கோயிலில் பாயாசம் வரும், புஷ்பா அக்காவின் கைப்பாயாசம், வந்து மணந்து பாருங்கள் என்றேன். அண்ணையின் முகம் வெளிறியது. மைஸ்டர் தாடையைத் தடவினார், தலையாட்டினார்.

சனிக்கிழமை அண்ணைதான் அவரைத் தன் காரில் ஏற்றி வந்தார். எங்கள் கோயில் தொழிற்பேட்டையில் ஒரு பழைய களஞ்சியம். ஒரு பக்கம் தளபாடக் கடை, மறு பக்கம் ரயர் கடை. மைஸ்டர் வாசலில் சப்பாத்தைக் கழற்றியதும் ஒரு காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. ஐயர் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். அண்ணை யோசிக்கவேயில்லை, "ப்ரொக்மான், கார்த்திகை" என்றார். ஐயரும் அப்படியே சொல்லிப் பூப் போட்டார். மைஸ்டர் பெரிய அலுவலகத்தில் கையெழுத்து வைக்கப் போனவர்போல் நிமிர்ந்து நின்றார்.

பூசை முடிந்து வரிசையில் நின்றோம். புஷ்பா அக்கா அகப்பையோடு நின்று கோப்பைகளில் ஊற்றிக்கொண்டிருந்தார். மைஸ்டர் தன் கோப்பையை வாங்கி ஒரு பக்கமாக ஒதுங்கி, கண்ணை மூடி, மூக்குக்குக் கீழே பிடித்தார். நெடுநேரம் பிடித்தார். கும்பிடுகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள். 

"இல்லை" என்றார் மைஸ்டர். "இது அது இல்லை."

இனிப்பு இருக்கிறது, நத்தார் கேக்கில் போடும் அந்த வாசனைப் பொருளும் இருக்கிறது, ஆனால் வறுத்த மணம் இல்லை, வெயில் கிரீம் மணம் அடியோடு இல்லை என்றார். ஆகவே அதெல்லாம் தன் தலைக்குள் வந்த மணம்தான். குடிக்காத கோப்பையை என் கையில் தந்துவிட்டு, தேற்ற வேண்டாம் என்று கையைக் காட்டிக்கொண்டு, சப்பாத்து அடுக்கிய இடத்துக்கு நடந்தார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நானே கையை விட்டு எடுத்த கஜு, அதே அக்காவின் பாயாசம், எப்படி இல்லாமல் போகும்?

"ஒரு நிமிடம்" என்று ஜெர்மன் மொழியில் ஒரு குரல் வந்தது. புஷ்பா அக்கா. அண்ணையும் நானும் மறந்துபோன விடயம் ஒன்று இருந்தது. புஷ்பா அக்கா இருபது வருடமாக முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. அவருடைய ஜெர்மனுக்கு முன்னால் எங்கள் ஜெர்மன் தவழ்ந்துதான் வரும். என்ன கிரீம் மணம் என்று மைஸ்டரைக் கேட்டார். மைஸ்டர் ஒரு சப்பாத்தைப் போட்டபடி, மறு காலில் விரல் தெரிய நின்று விளக்கினார். அக்கா அகப்பையை வாளியில் விட்டார்.

"தேங்காய்ப்பால். இஞ்சத்தை வெயில் கிரீம் எல்லாம் தேங்காய்தான் மணக்கும்" என்று எங்கள் பக்கம் திரும்பினார். "வறுத்தது பயறு. நான் தேர்த் திருவிழாவோடை ரெண்டையும் விட்டிட்டன். எல்லாரும் லைட்டா இருக்கு எண்டு சொன்னவை, அதாலை வெறும் பசுப்பால்லைதான் இப்ப வைக்கிறன். எவ்வளவு வைச்சும் அந்த முறை வந்த பதம் வரேல்லை. இந்த மனிசனுக்கு என்ரை பழைய பாயாசம் என்னெண்டு தெரியும்?"

நான் அண்ணையைப் பார்த்தேன். வாயைத் திறக்காமல் நிற்கலாம், அது அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் மைஸ்டர் மறு சப்பாத்தைக் கையில் எடுத்துவிட்டார். அண்ணை முருகனை ஒரு தரம் பார்த்தார், பிறகு கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி, தமிழிலேயே, எல்லாவற்றையும் சொன்னார். கமராவைச் சொன்னபோது யாரோ சிரித்தார்கள். கஜுவைச் சொன்னபோது ஐயரே சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை.

"எந்தப் பால்?" என்று மட்டும் கேட்டார்.

"பெற்றோல் செட் பால், அக்கா. கொழுப்புக் குறைஞ்சது."

அக்கா ஐந்து மாதமாகத் தேடிய பதத்துக்கு விடை கிடைத்த மாதிரி மெல்லத் தலையாட்டினார். அண்ணையின் கணக்கைப் பிறகு தீர்க்கலாம் என்பதும் அந்தத் தலையாட்டலில் இருந்தது. நேரே மைஸ்டரிடம் போய், அவர் கையிலிருந்த சப்பாத்தை வாங்கிக் கீழே வைத்தார். அவர் சொன்னதை அப்படியே தமிழில் எழுதுகிறேன்: "இந்தக் கோயிலில் இத்தனை பேர் குடிக்கிறார்கள், ஐந்து மாதமாக நான் எதை விட்டேன் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நீங்கள் ஒரு வாய்கூடக் குடிக்காமல் கண்டுபிடித்திருக்கிறீர்கள். உங்கள் மூக்குக்கு ஒன்றுமில்லை."

மைஸ்டர் என் கையிலிருந்த கோப்பையை வாங்கிக் குடித்தார். இன்னொன்று கேட்டார்.

திரும்பும்போது அண்ணை கார் ஓட்டினார், மைஸ்டர் முன்னால், நான் பின்னால்.  முதல் சிவப்பு விளக்கில் மைஸ்டர் திரும்பாமலே கேட்டார்.

"அன்று காலை உனக்கும் மணந்ததா?"

"மணந்தது, மைஸ்டர்."

"நன்றாகவா?"

"நன்றாக."

இரண்டாவது விளக்கும் சிவப்பாக நின்றது. அந்த இரண்டு விளக்குகளுக்கும் நடுவில் எனக்கு ஐந்து வயது கூடியது. பிறகு கையை நீட்டி ஹீட்டரை முழுக்கத் திருப்பினார். காற்று என் காலடியில் இருந்து சூடாக எழும்பியது, அதில் கழுவிக் கழுவியும் போகாத அந்தப் பத்துப் பங்கும் வந்தது. வறுத்த பயறு, தேங்காய்ப்பால், ஏலக்காய். மைஸ்டர் கண்ணை மூடி ஒரு தரம் நன்றாக இழுத்தார்.

"திங்கட்கிழமை ஏழு மணி, ஷிவா" என்றார். "பிந்தாதே."

நான் ஓம் என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவர் திருத்தவில்லை.